ஹார்ட்விக் வைத்த கடன்

ஜுபைலில் வெள்ளிக்கிழமை.
போர்ட்டா கேபினில் ஏசி இரைகிறது.
பூவலிங்கம், சாரம் கட்டுபவன், சாயல்குடிப் பக்கம்,
ஆறாவது தட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டான்.
விழுந்திருந்தால் இன்சூரன்ஸ் கிடைத்திருக்கும்
என்றார் மேனேஜர்.
வருத்தமாகத்தான் சொன்னார்.

தம்மாம் விமான நிலையத்தில்
பெட்டியையும் சேர்த்தே எடை போடுவார்கள்.
ஆள் ஒல்லி. பெட்டிதான் கனம்.

அப்போதுதான் பணம் வந்தது,
வெசர் ஆற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின்
அறக்கட்டளையிலிருந்து.
கொதிகலன் பிரிவு ரெய்ன்ஹோல்ட் அந்த ஊர்க்காரர்.
பாதி ஆங்கிலம், பாதி கைஜாடையில் விளக்கினார்:

அறுநூறு வருஷத்துக்கு முன்னால்
ஹார்ட்விக் என்றொரு பாதிரியார்.
மகான் இல்லை.
ஆலயத்துத் தானியக் கிடங்கின் சாவி அவர் இடுப்பில்.
மரக்காலைத் தலைதட்டி அளப்பவர்,
மெழுகுவர்த்தி மிச்சத்தை உருக்கி மறுபடி விற்பவர்.
பனி கொட்டிய ஓர் இரவில் யாரோ கதவைத் தட்டினான்.
என்ன மொழி என்று தெரியவில்லை.
காலையில் வா என்று உள்ளிருந்தே சொன்னார்.
காலையில் அவன் அங்கேயே இருந்தான்,
தட்டிய கை தட்டிய வாக்கில்.

கல்தச்சன் என்று விரல்கள் சொல்லின.
பெயரைச் சொல்ல யாருமில்லை.
பெயர் இல்லாமல் பூசை எப்படி வைப்பது?

அதற்குப் பின் இருபத்தொரு வருஷம் இருந்தார்.
என்ன நினைத்தார் என்பதற்கு ஏடு இல்லை.
உயில்தான் இருக்கிறது.
ஒரு மாவு ஆலை, இரண்டு புல்வெளி, அவற்றின் குத்தகை
இந்த ஊரார் கூலிக்கு அழைத்தவன்
எந்த மண்ணில் செத்தாலும் அவனுக்கு.
எட்டு முழம் துணி. பெட்டிக்குப் பலகை.
சுமக்கும் நால்வருக்கு ஆளுக்கொரு குவளை பீர்.
பெயரைக் கேட்டு எழுதி
ஆண்டுக்கொருமுறை ஆலயத்தில் உரக்க வாசிக்கவும்.
எந்தச் சாமியைக் கும்பிட்டவன் என்று கேட்கவில்லை.
கடைசி வரி:
இதைத் தருமம் என்று எழுதக் கூடாது, கடன்.

ஆலை ஆற்றோடு போய்விட்டது.
ஒரு புல்வெளியில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்,
மணிக்கு இரண்டு யூரோ.
அந்தச் சில்லறைதான் கடல் தாண்டி வந்திருக்கிறது.

துணி வாங்கினோம். பலகைக்கு ரசீது.
பீருக்கு இந்த நாட்டில் வழியில்லை.
ஹம்சக்கோயா கடையில் நாலு டீ, நாலு பருப்பு வடை.
சுமந்தது தேக் பகதூர், குல்சமான் கான்,
கடலூர் ஞானாதிக்கம், நான்.
உயிலில் வடை இல்லையே என்றேன்.
ரெய்ன்ஹோல்ட் தன் பைக்குள் கைவிட்டார்.

படிவத்தில் ஒரு கேள்வி பாக்கி:
பெயரை எப்படி உச்சரிப்பது?
குரலில் பதிந்து அனுப்பவும்.
கேபின் கதவைச் சாத்திவிட்டு
பூ. வ. லிங். கம். என்றேன்.
நாலு வருஷம் ஒரே அறை,
முழுப் பெயரை நான் சொன்னது அன்றுதான்.
எங்களுக்கு லிங்கு,
ஃபோர்மேனுக்கு எழுநூற்று எண்பத்து மூன்று.

நவம்பரில் ஒரு பதிவு திரும்பி வந்தது.
பெண் குரல், கல்மண்டபத்து எதிரொலி.
பூவாலிங்காம்.
சாயல்குடிக்கு அனுப்பினேன்.
இரண்டு நாள் கழித்து அவன் மனைவி சொன்னாள்:
தூரத்துல நிக்கிற ஆளக் கூப்பிடுற மாதிரி
இழுக்குறாக.

வருஷக் கணக்கை முடிக்க வேண்டும்.
நன்கொடை என்று அடித்தேன். அழித்தேன்.
கடன் வரவு.
யாரிடமிருந்து? ஹார்ட்விக்.
கைபேசி எண் இல்லாமல் சேமிக்க முடியாது
என்றது கணினி.
பூவலிங்கத்தின் எண்ணைக் கொடுத்தேன்.

போலீஸ் கவரில் பிந்தி வந்த அவன் போன்
லீவில் ஊர் போகும் ஆளுக்காக
என் மேசை அறையில் கிடந்தது.
சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்,
ஏன் என்று கேட்காதீர்கள்.
வரவுச் செய்தி போயிருக்க வேண்டும்.
உள்ளிருந்து மரத்தைத் தட்டியது,
இரண்டு தரம்.

திறந்தேன்.